கொதித்த கிராஃபிக்ஸ் கார்டு... அடகுக்குப் போகவிருந்த செயின்!

"மாப்ள, கம்ப்யூட்டர் மறுபடியும் கறுத்துப்போச்சுப்பா. பேசாம கார்டையே மாத்திரலாமா? உங்க அத்தை, செயினை வச்சா முப்பத்தஞ்சாயிரம் கிடைக்கும்ங்கிறா..."

சித்திரைக் கடைசியில் ஓர் இரவு, பத்தரை மணிக்கு வந்த போன் இது. மாமா என்றால் அம்மாவின் தம்பி. பெரியகுளம் வடகரையில் சின்னதாக ஒரு வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என வருடம் முழுக்க ஓட்டம்தான். வைகாசியில் மட்டும் ஆறு கல்யாணம் கையில் இருந்தது. ஏற்கெனவே கல்யாணம் முடிந்த ஒரு மாப்பிள்ளைக்கு அடுத்த திங்கட்கிழமை இரவு சிங்கப்பூர் ஃபிளைட். வீடியோவைக் கையோடு கொண்டுபோக வேண்டும் என்று சொல்லிவிட்டார். எடிட்டிங் பாதிக்கு மேல் முடிந்திருக்கிறது. ஆனால் ரெண்டர் போட்டால் பத்தாவது நிமிடத்தில் ஃபேன் மிக்ஸி மாதிரி அலறுகிறது, அப்புறம் திரை இருட்டாகிவிடுகிறது.

பத்திரிகையில் டெக் பகுதி எழுதுகிறவன் என்றால், சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் நான்தான் மெக்கானிக். ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் எனக்குத்தான் போன் வரும். ஆனால் இது ரிமோட் விஷயமல்ல. "அத்தை செயினைக் கழட்ட வேணாம் மாமா. வியாழக்கிழமை காலைல அங்க இருப்பேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

கிராஃபிக்ஸ் கார்டு என்பது கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர். திரையில் தெரியும் படத்தை உருவாக்குவது அதன் வேலை. கேம் ஆடுகிறவர்களுக்கு மட்டும்தான் அது தேவை என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கல்யாண வீடியோவில் மணமகள் முகத்துக்குக் கலர் சரிசெய்வதும், இருட்டு மண்டபத்தில் எடுத்த காட்சியின் புள்ளிப் புள்ளிகளைத் துடைப்பதும் அதே கார்டுதான். மாமாவிடம் இருப்பது ஆர்.டி.எக்ஸ் 3060. 2021-ல் வந்த மாடல், முழு வேகத்தில் 170 வாட் இழுக்கும். மாமா அதைப் புதிதாக வாங்கவில்லை. ஈத்தரியம் என்ற கிரிப்டோ கரன்ஸியை கிராஃபிக்ஸ் கார்டு வைத்துத் தோண்டும் வேலை 2022 செப்டம்பர் 15-ம் தேதியோடு முடிந்துபோனது. அதன்பின் உலகம் முழுக்க லட்சக்கணக்கில் பழைய கார்டுகள் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்தன. அதில் ஒன்று கைமாறிக் கைமாறி வடகரைக்கு வந்துவிட்டது. இரவு பகலாக ஓடிய கார்டாக இருக்கலாம்.

உள்ளே நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது கம்ப்யூட்டரை அல்ல, சுவரை. மதியம் மூன்று மணி. மேலே கான்கிரீட் தளம், ஏ.சி கிடையாது, சத்தம் உள்ளே வராமல் இருக்க ஜன்னலும் சாத்தியிருந்தது. வெக்கை முகத்தில் அறைந்தது. கையோடு கொண்டுபோயிருந்த தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். 37 டிகிரி.

இந்த 37 ரொம்ப முக்கியம். கார்டின் வெப்பநிலை தனியாக நிற்கும் எண் அல்ல. அறையின் வெப்பநிலை மேல் ஏறி நிற்பது. ஒரு கார்டு ஒரே வேலையை ஒரே வாட்டில் செய்யும்போது, அறையைவிட இத்தனை டிகிரி அதிகம் என்ற வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது. மாமாவின் கார்டை அப்படியே தூக்கிக்கொண்டு கும்பக்கரைக்கு மேலே மலையேறி, இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், 17 டிகிரி அறையில் வைத்தால், ஒரு ஸ்க்ரூவையும் தொடாமலே அது ஏறக்குறைய 20 டிகிரி குறைந்திருக்கும். வெளிநாட்டு யூடியூபர் ஏ.சி அறையில் உட்கார்ந்து "என் கார்டு 65 டிகிரிதான்" என்று சொல்வதைக் கேட்டு நாம் கவலைப்பட வேண்டியதில்லை என்பதும் இதனால்தான். அவர் அறை எத்தனை டிகிரி என்று கேளுங்கள்.

ஹெச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓடவிட்டு, சிங்கப்பூர் மாப்பிள்ளை வீடியோவின் ஒரு துண்டை ரெண்டர் போட்டேன். பத்து நிமிடம். கார்டு 86 டிகிரி. 'ஹாட் ஸ்பாட்' 107. ஃபேன் நூறு சதவிகிதம். 1,900 மெகாஹெர்ட்ஸில் கிளம்பிய வேகம் 1,400-க்கு விழுந்துவிட்டது. சூடு எல்லை தாண்டினால் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோதுதான் திரை இருட்டாகும். கார்டு செத்துவிட்டதாக மாமா நினைத்தார். உண்மையில் சாகாமல் இருக்கத்தான் அது அப்படிச் செய்துகொண்டிருந்தது.

ஹாட் ஸ்பாட் என்பது, சிப்பில் ஆங்காங்கே இருக்கும் சென்சார்களில் அந்த நேரத்தில் மிக அதிகமாகக் காட்டும் எண். சாதாரண வெப்பநிலைக்கும் இதற்கும் பத்து முதல் பதினைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது இயல்பு. இருபதைத் தாண்டினால், சிப்பும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் ஹீட்சிங்க்கும் எங்கோ சரியாக ஒட்டி உட்காரவில்லை என்று சந்தேகப்படலாம். மாமாவுக்கு 21.

இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பெரிய கம்பெனியையே ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறார்கள். 2022 டிசம்பரில் ஏ.எம்.டி கம்பெனியின் ஆர்.எக்ஸ் 7900 எக்ஸ்.டி.எக்ஸ் கார்டு வந்தபோது, சிலருக்கு மட்டும் ஹாட் ஸ்பாட் 110 டிகிரியைத் தொட்டது. ஜெர்மனியைச் சேர்ந்த ரோமன் ஹார்ட்டுங், பல கார்டுகளை வாங்கிச் சோதித்தார். ஓடிக்கொண்டிருக்கும்போது கார்டைத் திருப்பி வைத்தால் சூடு மாறுவதைக் கண்டுபிடித்தார். சூட்டைக் கடத்துவதற்காக அந்த ஹீட்சிங்க்குக்குள் அடைத்து வைக்கும் கொஞ்சூண்டு தண்ணீர், ஒரு பகுதி கார்டுகளில் போதுமான அளவு இல்லை என்று 2023 ஜனவரியில் கம்பெனியே ஒப்புக்கொண்டு மாற்றிக் கொடுத்தது. ஆயிரம் டாலர் கார்டு... பிரச்னை சில சொட்டுத் தண்ணீர்!

சரி, வடகரைக்கு வருவோம்.

மாமாவின் கம்ப்யூட்டர் பிளைவுட் மேசைக்குள் ஓர் அலமாரி மாதிரியான இடத்தில் இருந்தது. பின்பக்கம் சுவரை ஒட்டி அடைத்திருந்தது. வெளியே இழுத்து, கரன்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி தூசி. அதற்குள் பொன்னிறமாக ஏதோ தூள் தூளாக. கையில் எடுத்துப் பார்த்தால்... வைக்கோல்!

பக்கத்துக் கடை மாங்காய் கமிஷன் கடை. சித்திரை, வைகாசியில் அங்கே பகல் முழுக்க வைக்கோல் உதறி மாங்காய் அடுக்குவார்கள். அந்தத் தூசியை எல்லாம் மாமாவின் ஃபேன்கள் இழுத்து இழுத்து உள்ளே சேர்த்து வைத்திருக்கின்றன. "ஒவ்வொரு மாங்காய் சீசனுக்கும் மெஷின் மக்கர் பண்ணும் மாப்ள. வெயிலாலன்னு நெனச்சேன்" என்றார் மாமா. பெரியகுளத்தில் வெயிலும் மாம்பழமும் ஒரே நேரத்தில்தானே வருகின்றன, பாவம், அவர் எப்படிப் பிரித்துப் பார்ப்பார்?

புளோயர் வைத்து ஊதினோம். ஒரு விஷயம்: ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்று வேகத்தில் அது தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுப்போகும். பெயின்ட் பிரஷ்ஷால் மிச்சத்தைத் துடைத்து, கம்ப்யூட்டரை அலமாரிக்குள் வைக்காமல் மேசைமேல் வைத்து, மறுபடி அதே துண்டு, அதே பத்து நிமிடம். கார்டு 82, ஹாட் ஸ்பாட் 102. செலவு பூஜ்ஜியம். திரை இருட்டாகவில்லை. ஆனாலும் ஃபேன் அலறல் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை செய்த வேலையைத்தான் நான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். அதற்கு ஸ்க்ரூடிரைவர்கூடத் தேவையில்லை. 'அண்டர்வோல்ட்டிங்'. கார்டுக்குக் கொடுக்கும் வோல்ட்டேஜைக் கொஞ்சம் குறைப்பது.

கம்பெனி ஒரே மாடலில் லட்சக்கணக்கான சிப் செய்கிறது. எல்லாம் ஒன்றுபோல இருக்காது. சுமாரான சிப்பும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்பதற்காக எல்லாவற்றுக்கும் கொஞ்சம் தாராளமாகவே வோல்ட்டேஜ் வைத்து அனுப்புகிறார்கள். நல்ல சிப்புக்கு அது தேவையே இல்லை. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிப் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம், வோல்ட்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்பதாம் வகுப்பு வர்க்கம்தான், பயப்படாதீர்கள். வோல்ட்டேஜைப் பத்து சதவிகிதம் குறைத்தால், 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கி 0.81. அதாவது வேகத்தைத் தொடாமலே சிப்பின் மின்சாரத்தில் 19 சதவிகிதம் மிச்சம். மின்சாரம் என்றால் இங்கே சூடு என்று படியுங்கள். கார்டு இழுக்கும் ஒவ்வொரு வாட்டும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது.

எம்.எஸ்.ஐ ஆஃப்டர்பர்னர் என்று ஒரு சாஃப்ட்வேர், இலவசம். கார்டு எந்த கம்பெனி என்றாலும் பெரும்பாலும் வேலை செய்யும். திறந்து, கன்ட்ரோல் பட்டனோடு எஃப் அழுத்தினால் ஒரு வளைகோடு வரும். கீழ் வரிசையில் வோல்ட்டேஜ், பக்கவாட்டில் வேகம். முதலில் கோர் கிளாக்கை 250 போலக் கீழே இறக்கி மொத்தக் கோட்டையும் தாழ்த்திக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்கு வேண்டிய வோல்ட்டேஜில் இருக்கும் ஒரே ஒரு புள்ளியை மட்டும் மேலே இழுத்து அப்ளை கொடுத்தால், அதற்கு வலது பக்கம் இருக்கும் கோடு சமதளமாகிவிடும். கார்டு அதைத் தாண்டி வோல்ட்டேஜ் கேட்காது.

மாமாவின் கார்டு சாதாரணமாக 1.05 வோல்ட்டில் 1,900 மெகாஹெர்ட்ஸ் ஓடப் பார்த்தது. ஆசைப்பட்டு 0.825 வோல்ட்டில் 1,850 வைத்தேன். மூன்றாவது நிமிடம் டாவின்சி ரிசால்வ் தானாக மூடிக்கொண்டது. மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஒன்றும் ஆகாது. வோல்ட்டேஜ் போதவில்லை என்றால் சாஃப்ட்வேர் நின்றுபோகும், ரீஸ்டார்ட் ஆனதும் கார்டு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால்தான் சில நாள் ஓட்டிப் பார்க்கும்வரை, விண்டோஸ் தொடங்கும்போதே இந்த செட்டிங் வரும்படி வைக்கக் கூடாது. கடைசியில் 0.875 வோல்ட், 1,800 மெகாஹெர்ட்ஸில் நிலைத்தது.

170 வாட் இழுத்த கார்டு இப்போது 128 வாட். கார்டு 72 டிகிரி, ஹாட் ஸ்பாட் 87. ஃபேன் சத்தம் பாதியாகிவிட்டது. வேகத்தைக் குறைத்தோமே, ரெண்டர் மெதுவாகுமே என்று மாமா கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் முன்பு அது 1,900-ல் கிளம்பி 1,400-க்கு விழுந்துகொண்டிருந்தது. இப்போது 1,800-ஐ விட்டு இறங்கவே இல்லை. வாட்டைக் குறைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறோம்.

அத்தை டீ கொண்டுவந்தவர், "இன்னிக்கு ரூம்பு கொஞ்சம் இருக்குற மாதிரி இருக்கே தம்பி" என்றார். அவர் சொன்னது சரிதான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் உடம்பிலிருந்தே சுமார் 100 வாட் சூடு வரும். பழைய கணக்கில் அந்தக் கார்டு, ஜன்னல் சாத்திய அந்தச் சின்ன அறையில் கூடுதலாக ஒன்றே முக்கால் ஆள் உட்கார்ந்திருந்ததற்குச் சமம். நல்ல ஃபேன், நல்ல ஹீட்சிங்க் எல்லாம் கார்டின் சூட்டை எடுத்து அறைக்குள் கொட்டும், அவ்வளவுதான். அண்டர்வோல்ட்டிங் மட்டும்தான் சூட்டையே குறைக்கிறது. கரன்ட் போனால் யு.பி.எஸ் தாங்கும் நேரமும் கூடும். வளைகோடு பார்த்தால் தலைசுற்றுகிறது என்றால், அதே ஆஃப்டர்பர்னரில் பவர் லிமிட் என்று ஒரு ஸ்லைடர் இருக்கும். அதை 75-க்கு இறக்கி அப்ளை கொடுங்கள். இதன் பலனில் கொஞ்சம் குறைவு, ஆனால் பயமே இல்லை.

இங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

இன்னும் அந்த 15 டிகிரி வித்தியாசம் என் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. பழைய கார்டு, பேஸ்ட் காய்ந்திருக்கும், மாற்றிவிட்டால் இன்னும் இறங்கும் என்று சனிக்கிழமை கார்டைத் திறந்தேன். மாமா கலர் கரெக்‌ஷனை முடித்துவிட்டிருந்தார். ரெண்டர் மட்டும்தான் பாக்கி.

அந்தப் பேஸ்ட் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். சுருள் அடுப்பில் அடி வளைந்த பாத்திரத்தை வைத்திருக்கிறீர்களா? சூடு ஏறவே ஏறாது. இடையில் காற்று இருக்கிறது, காற்று சூட்டைக் கடத்தாது. சிப்பும் ஹீட்சிங்க்கும் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகத் தெரிந்தாலும், நுணுக்கிப் பார்த்தால் மேடு பள்ளம்தான். அந்தப் பள்ளங்களில் இருக்கும் காற்றை விரட்டிவிட்டு உட்காருவதுதான் தெர்மல் பேஸ்ட்டின் வேலை. சூட்டைக் கடத்தும் திறனை ஓர் அலகில் அளப்பார்கள். காற்றுக்கு அது 0.026. செம்புக்கு 400. நல்ல பேஸ்ட்டுக்கு 8, 10, 12 என்று டியூபில் போட்டிருக்கும்.

எட்டா, பன்னிரண்டா என்று கடைகளில் சண்டையே நடக்கும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3060-ன் சிப் 276 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகம் அளவு. அதில் 100 வாட் சூடு, நடுவில் 0.05 மில்லிமீட்டர் பேஸ்ட், அதாவது ஒரு தலைமுடி கனம். எட்டு என்றால் அந்தப் படலத்தைத் தாண்ட 2.3 டிகிரி செலவாகும். பன்னிரண்டு என்றால் 1.5. வித்தியாசம் ஒரு டிகிரிகூட இல்லை! ஆனால் காய்ந்து சுண்ணாம்பாகி, திறன் 1-க்கு விழுந்துவிட்ட பேஸ்ட் என்றால் 18 டிகிரி. எது விலை அதிகம் என்பதைவிட, ஈரமாக, சமமாக, மெல்லிசாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

கிராஃபிக்ஸ் கார்டில் இன்னொரு சிக்கல். சூடேறும்போது எல்லாம் விரியும், ஆறும்போது சுருங்கும். தினமும் இப்படி நடக்க நடக்க, நடுவில் இருக்கும் பேஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். மாமாவின் கார்டைத் திறந்தபோது அப்படியே இருந்தது. ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் வரப்பு கட்டியிருக்க, நடுவில் சிப் பளபளவென்று தெரிந்தது.

சிப்பைச் சுற்றியிருக்கும் மெமரி சிப்களின் மேல் பேஸ்ட் இருக்காது. ரப்பர் மாதிரி 'பேட்' ஒட்டியிருப்பார்கள். திறக்கும்போது அவை பிய்ந்துவிட்டன. நான் கொண்டுபோயிருந்தது ஒன்றரை மில்லிமீட்டர் பேட். கடையில் அதுதான் இருந்தது. "அரை மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது?" என்று ஒட்டி, புதுப் பேஸ்ட் வைத்து, மூடிவிட்டேன்.

ரெண்டர் போட்டோம். நான்காவது நிமிடத்தில் ஹாட் ஸ்பாட் 106.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. பேட் கனமாக இருந்தால் ஹீட்சிங்க் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். சிப்பைத் தொடாமல், தொட்டும் தொடாமலும் நிற்கும். முக்காலியின் கால்களில் ஒன்று மட்டும் நீளமானால் எப்படியோ, அப்படி. பிய்ந்துபோன பழைய பேட்டின் நசுங்காத ஓரத்துண்டை எடுத்துக்கொண்டு, மாமாவுக்குத் தெரிந்த லேத் பட்டறைக்குப் போய் வெர்னியர் காலிப்பரில் அளந்தேன். ஒரு மில்லிமீட்டர். இந்த அளவு கார்டுக்குக் கார்டு மாறும். ஒரே கார்டிலேயே இடத்துக்கு இடம் மாறும். பழைய பேட்டை அளக்காமல் புதுப் பேட் வாங்காதீர்கள். அளக்க வழியில்லை என்றால் 'தெர்மல் புட்டி' என்று களிமண் மாதிரி ஒன்று கிடைக்கிறது. அழுத்தினால் எந்த இடைவெளிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

மதுரையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் நண்பனுக்கு இரவே போன் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மில்லிமீட்டர் பேட்டை பஸ்ஸில் கொடுத்துவிட்டான். கூடவே அவன் வைத்திருந்த ஒரு துண்டு 'பி.டி.எம் 7950'. இது ஹனிவெல் கம்பெனி தயாரிப்பு. பேஸ்ட் இல்லை, மெல்லிய தாள். அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும், 45 டிகிரி வாக்கில் இளகி எல்லாப் பள்ளத்திலும் பாயும், ஆறினால் மறுபடி கெட்டியாகும். பேஸ்ட் மாதிரி ஓரத்துக்குப் பிதுங்குவது இதில் மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் கார்டுக்கு இதுதான் என் சிபாரிசு. ஆனால் ஆன்லைனில் போலிகள் நிறைய, தெரிந்த இடத்தில் வாங்குங்கள். "பி.டி.எம்மா? நம்ம பி.கே.எம் 1 முருங்கைக்காய் மாதிரில்ல இருக்கு பேரு" என்றார் மாமா. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கண்டுபிடித்த ரகம் அது. இந்த ஊரில் யாருக்கும் அந்த ஞாபகம்தான் வரும். முந்தைய நாளுக்குப் பிறகு அவர் அடித்த முதல் ஜோக்.

அந்தத் தாளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் உறை இருக்கும். 37 டிகிரியில் அது கொழகொழவென்று ஆகி, உறையை உரித்தால் தாளும் சேர்ந்து வந்தது. அத்தையின் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் பத்து நிமிடம் வைத்து எடுத்தேன். சுலபமாக உரிந்தது.

இதற்கு முன் சிப்பைத் துடைக்க 99 சதவிகித ஐசோபுரோபைல் ஆல்கஹால் வேண்டும். கை கழுவும் சானிடைசர் கூடாது, அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கும். ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். கார் டயர் மாட்டுவதுபோல. ஸ்டூடியோவில் வேலை செய்யும் தம்பி, "அண்ணே, லிக்விட் மெட்டல் போட்டா இன்னும் குறையுமாமே" என்றான். குறையும்தான். பிளே ஸ்டேஷன் 5-ல் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் அது காலியம் கலந்த உலோகம். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும், பக்கத்துப் பாகங்களில் ஒரு சொட்டு சிந்தினால் ஷார்ட் ஆகும். அதை அடைத்து வைக்கத் தனி ஏற்பாடு செய்து தொழிற்சாலையில் போடுகிறார்கள். நம் வீட்டு மேசையில் வேண்டவே வேண்டாம். டூத்பேஸ்ட் வைக்கிற வீடியோவும் பார்த்திருப்பீர்கள். சில மணி நேரம் வேலை செய்யும், அப்புறம் காய்ந்து உதிரும்.

ஞாயிறு இரவு எட்டரைக்கு மூடினேன். முதல் ஓட்டத்தில் ஹாட் ஸ்பாட் 84. மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தத் தாள் சில முறை சூடேறி ஆறினால்தான் முழுதாகப் பரவும் என்பது தெரியும், இருந்தாலும் பயம். மூன்றாவது ஓட்டத்தில் கார்டு 67, ஹாட் ஸ்பாட் 79. வித்தியாசம் பன்னிரண்டு. முழு வீடியோவும் ஒரு மணி ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கார்டு கறுத்துப்போகாத நல்ல நாளிலேயே அதற்கு ஒரு மணி ஐம்பது நிமிடம் பிடிக்குமாம்.

நேர்மையாகக் கணக்குப் பார்த்தால், தூசி தட்டியதில் 4 டிகிரி, அண்டர்வோல்ட்டிங்கில் 10, நான் உயிரைக் கொடுத்து மாற்றிய பேட், தாள் எல்லாம் சேர்ந்து 5. முதல் இரண்டுக்கும் காசு இல்லை, ஆபத்தும் இல்லை. எனவே அந்த வரிசையில்தான் போக வேண்டும். அவசர வேலை கையில் இருக்கும்போது கார்டைத் திறக்கவே கூடாது, அது என் தப்பு. வாரன்டி இருக்கும் கார்டையும் திறக்காதீர்கள். சில கம்பெனிகள் ஸ்க்ரூ மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். லேப்டாப் வைத்திருப்பவர்கள் பின்பக்கத்தை ஒரு அங்குலம் உயர்த்தி வையுங்கள், மெத்தை மேல் வைக்காதீர்கள். அண்டர்வோல்ட்டிங் சில லேப்டாப்களில் முடியும், சிலவற்றில் கம்பெனியே பூட்டி வைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை காலை பென் டிரைவ் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் கிளம்பும்போது அத்தை பழைய கொசுவலையை வெட்டி, கம்ப்யூட்டரின் முன்பக்கக் காற்றுத் துளைக்கு அளவாகத் தைத்துக்கொண்டிருந்தார். நெருக்கமான துணி வேண்டாம், காற்று அடைபடும் என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமைதோறும் அதைக் கழற்றித் துவைத்துப் போடுகிறார்களாம். போன வாரம் மாமா வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தார். துவைப்பதற்கு முன் எடுத்தது. வலை முழுக்க வைக்கோல் தூசி.